3200 என்று வாங்கிய ரேம் 2133இல் ஓடுவது ஏன்?

கேள்வி: தலவாக்கலையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 5600, பி450 மதர்போர்ட், தனி கிராஃபிக்ஸ் கார்ட். 3200 வேகத்தில் 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தது. போதாமல் போனதால் கொழும்பிலிருந்து 3600 வேகத்தில் இன்னும் இரண்டு 8 ஜிபி எடுத்துப் போட்டேன். இப்போது டாஸ்க் மேனேஜர் 2133 என்று காட்டுகிறது. பயோஸில், அதாவது போர்டின் அமைப்புத் திரையில், ரேமின் முழு வேகத்தை எழுப்பும் எக்ஸ்எம்பியைப் போட்டால் திரை கறுப்பாகி, தானாக இரண்டு மூன்று தடவை நின்று நின்று ஓடி, பழையபடி 2133க்கே வருகிறது. புது ரேம் போடுவதற்கு முன்னும் சில நாள் காலையில் 2133 ஆகியிருக்கும். எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டால் சரியாகும். இடி மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றிவிடுவேன். ரேம் பழுதா, போர்ட் பழுதா?

பதில்: இரண்டும் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் சொல்வதில் தனித்தனியான இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன. காலையில் வேகம் இறங்கிப்போவது ஒன்று. நான்கு ரேமையும் போட்ட பிறகு எக்ஸ்எம்பி ஏறாமல் இருப்பது மற்றொன்று. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதில் கை வைத்தால், எந்த மாற்றம் பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

2133 எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ரேம் பெட்டியில் போட்டிருக்கும் 3200, 3600 என்பவை பெரும்பாலும் 1.35 வோல்ட் கொடுத்தால் ஓடும் என்று தயாரிப்பாளர் சோதித்துச் சொல்லும் வேகங்கள். எதுவும் சொல்லாமல் விட்டால், மதர்போர்ட் 1.2 வோல்ட்டில் 2133, 2400, 2666 போன்ற பொது வேகமொன்றில்தான் ரேமை எழுப்பும். வேகமான அமைப்பு ரேமில் உள்ள ஒரு சிறு சிப்பில் அட்டவணையாக எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் எக்ஸ்எம்பி. சில போர்டுகளில் அதன் பெயர் டி.ஓ.சி.பி., சிலவற்றில் ஏ-எக்ஸ்எம்பி. சிபியு-இசட் மென்பொருளில் 1066 என்று கண்டால் பயப்பட வேண்டாம். அது பாதி எண்ணைத்தான் காட்டும், இரண்டால் பெருக்க 2133 வரும்.

இனி காலைக் கோளாறு. பிளக் பொயின்ட்டில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பவர் சப்ளை போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பிளக்கைக் கழற்றினால் பயோஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பது சிஆர்2032 என்ற நாணய அளவு பெட்டரி மட்டுமே. அது தளர்ந்துவிட்டால் விடிவதற்குள் எல்லாம் அழிந்து, எக்ஸ்எம்பியும் போய்விடும். இதை உறுதிசெய்ய விண்டோஸ் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அது இன்டர்நெட் வந்ததும் தன்னைத் திருத்திக்கொள்ளும். காலையில் ஓன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் போய் அங்குள்ள தேதியைப் பாருங்கள். தேதி பின்னுக்குப் போயிருந்தால் பெட்டரிதான். தேதி சரியாக இருந்து ரேம் வேகம் மட்டும் இறங்கியிருந்தால், போர்ட் அந்த வேகத்தில் எழ முயன்று தோற்றிருக்கிறது என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் இருந்தால் பெட்டரியைக் கழற்றி அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும். பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை வெளியேற்றி, பக்கத்துக் கொளுவியைத் தள்ளினால் பெட்டரி எழும்பும். கூட்டல் குறி மேலே தெரிய புதியதை வையுங்கள். பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலைநாட்டில் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புதுப் பெட்டரி இருந்தால் அந்தப் பழக்கத்தால் எந்த அமைப்பும் அழியாது.

அடுத்தது நான்கு ரேம். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு ரேமுக்கு 3200. நான்கு போட்டால் ஒற்றை ரேங்க் (ஒரு தொகுதி சிப் உள்ள) ரேமுக்கு 2933, இரட்டை ரேங்க் (இரண்டு தொகுதி சிப் உள்ள) ரேமுக்கு 2667 மட்டுமே. சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ஒரு சேனலில், அதாவது ரேமுக்குப் போகும் ஒரு பாதையில், இரண்டு ரேமை இழுக்கும்போது சிக்னல் மங்கிவிடுவதே காரணம். அதற்கு மேல் ஓடினால் அது உங்கள் சிபியுவினதும் போர்டினதும் தரத்தால் கிடைத்த உபரி. ரேங்க் எது என்று சிபியு-இசட்டின் எஸ்பிடி பக்கத்தில் தெரியும்.

உங்களிடம் இருப்பது கலப்பு ஜோடி. எக்ஸ்எம்பியை ஓன் செய்தால் போர்ட் ஏதோ ஒரு ரேமின் அட்டவணையை எடுத்து நான்குக்கும் சுமத்தும். அது புது ஜோடியுடையது என்றால், பழைய 3200 ரேமையும் சேர்த்து 3600இல் ஓடச் சொல்கிறது. கறுப்புத் திரை அங்கேதான் வருகிறது. நின்று நின்று ஓடியதும் போர்ட் அந்த வேகத்தைப் பழக முயன்று தோற்றதைத்தான் காட்டுகிறது. ஆகவே எக்ஸ்எம்பியை மறந்துவிட்டு எண்களைக் கையால் போடுவதே வழி.

அதற்கு முன் ஒரு காரியம், இதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். சோதனை முடியும்வரை எந்தக் கல்யாணத்தின் மெமரி கார்டையும் இந்தக் கம்ப்யூட்டரில் கொப்பி செய்து ஃபோர்மட் பண்ண வேண்டாம். தள்ளாடும் ரேம் எப்போதும் நீலத் திரை காட்டி எச்சரிப்பதில்லை. கொப்பியாகும் ஃபைலில் ஒரு பிட்டைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகும். தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது. இருப்பவற்றை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றி, அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் ஒவ்வொரு ஜோடியையும் தனியாகச் சோதியுங்கள். இரண்டு ரேம் மட்டும் போடும்போது சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது சுலொட்டுகளில் போட வேண்டும். போர்டில் அவை ஏ2, பி2 என்று அச்சாகியிருக்கும். பழைய ஜோடி எக்ஸ்எம்பியில் 3200இலும், புது ஜோடி 3600இலும் ஏறினால் ரேம்கள் நல்லவை என்று முடிவுக்கு வரலாம். ஒன்று ஏறாவிட்டால் கழற்றி, ரேமின் அடி விளிம்பிலுள்ள தங்கப் பற்களை 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டுத் திரும்பப் போடுங்கள். பனிமூட்டம் உள்ளே வரும் அறைகளில் இந்தப் பற்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து படலம் பிடிக்கும். அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் கடைகளில் உண்டு; தங்கப் பூச்சு மிக மெல்லியது என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பிறகு நான்கையும் போட்டு, எக்ஸ்எம்பியை ஓஃப் செய்து, கையால் இப்படிப் போடுங்கள்: வேகம் 2933, டைமிங் (ரேம் பதில் தரக் காத்திருக்கும் அளவுகள்) 18-22-22-42, ரேம் வோல்ட்டேஜ் 1.35, கமாண்ட் ரேட் 2டி, இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (சிபியுவின் உள் இணைப்பின் வேகம்) 1467. மற்றதெல்லாம் ஓட்டோவில் இருக்கட்டும். இந்த டைமிங் 3600 ரேம்களில் பரவலாகக் காணப்படுவது. உங்கள் புது ரேமின் லேபலில் வேறு எண்கள் இருந்தால் இரண்டு ஜோடியிலும் பெரிய எண்களை எடுங்கள். மெதுவான டைமிங்கை வேகமான ரேம் தாங்கும், மறுபுறம் தாங்காது.

எழுந்துவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்று விடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும், இடி இல்லாத இரவாகப் பார்த்து வையுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். “ஒன்றுதானே” என்று விட வேண்டாம். பிழை வந்தால் மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜை 1.10க்கு உயர்த்தித் திரும்பச் சோதியுங்கள். அதிலும் தேறாவிட்டால் 2666க்கு இறங்குங்கள். 1.15க்கு மேல் எஸ்ஓசியையும் 1.40க்கு மேல் ரேமையும் கொண்டுபோகத் தேவையில்லை. 2933 சுத்தமாகத் தேறிய பின், ஆசையிருந்தால் ஃபேப்ரிக்கை 1600 ஆக்கி 3200ஐ முயன்று பாருங்கள். திரை வராமலே நின்றுவிட்டால் கரண்ட்டைக் கழற்றி, பயோஸ் அமைப்புகளை அழிக்க, போர்டில் கிளியர் சிமோஸ் என்று குறித்த இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பத்து விநாடி தொடுங்கள்.

பயோஸ் பழையதாக இருந்தால் புதுப்பிப்பது உதவும், ரேம் பொருத்தத்தைத் திருத்தும் மாற்றங்கள் அதில் அடிக்கடி வரும். ஆனால் யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழும்பாமல் போகலாம்.

3200 கிடைக்காவிட்டால் நஷ்டம் எவ்வளவு? இரட்டைச் சேனலில் 2133 விநாடிக்கு 34 ஜிபி அளவும், 2933 சுமார் 47 ஜிபியும், 3200 சுமார் 51 ஜிபியும் கடத்தும். 2133இல் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறீர்கள். 2933இல் இழப்பு எட்டு சதவீதம் மட்டுமே. 16 ஜிபி நிரம்பி, டைம்லைன் டிஸ்க்கைத் தேடி ஓடும்போது ஏற்படும் தாமதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே எடிட்டிங்குக்கு 2933இல் 32 ஜிபி வைத்துக்கொள்வதே என் முடிவு. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் 5600ஜி போன்ற சிபியுவை நம்பியிருப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே படத்தை வரைவதும் இதே ரேம் என்பதால் வேகம் நேரடியாகத் தெரியும். அவர்கள் 16 ஜிபி இரண்டு ஒரே பெட்டியில் வரும் ஜோடியை எடுப்பது நல்லது. ஒரே மொடல் எண் என்றாலும் தனித்தனியாக வாங்கிய ரேம்களில் வேறு வேறு சிப் இருக்கலாம்.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்410, பி460 போர்டில் ஐ5-10400 இருந்தால் உச்சம் 2666தான். 3200 ரேம் போட்டாலும் அதைத் தாண்டாது, திருத்த ஒன்றுமில்லை. ஐ7-10700 என்றால் 2933 வரை போகும். அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் செகண்ட் ஹேண்ட் மெஷின்கள் பெரும்பாலானவற்றில் எக்ஸ்எம்பி பக்கமே இருக்காது. அவற்றுக்கு வேகமான ரேம் தேடிக் காசு செலவழிக்க வேண்டாம், ஜிபியைக் கூட்டுங்கள்.