ஓட்டு இருக்கும்போது சட்டத்தை ஏன் மீற வேண்டும்?

இப்படிக் கேட்ட நீங்கள், சட்டத்தை அமைதியாக மீறுவதற்கும் கல்லெறிவதற்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில், வெள்ளையருக்கு மட்டும் சாப்பாடு போட்ட கடைகளில் கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். திருப்பி அடிக்காதே, நிமிர்ந்து உட்கார், கவுண்டரைப் பார்த்தே இரு என்று அவர்களுக்கு விதிமுறை வேறு. பிப்ரவரி 27 அன்று ஒரு கும்பல் இழுத்துப் போட்டு அடித்தது, முதுகில் சிகரெட்டை அணைத்தது. போலீஸ் பிடித்ததோ அடி வாங்கியவர்களை, அதுவும் சுமார் 80 பேரை! அபராதம் கட்ட மாட்டோம், ஜெயிலுக்கே போகிறோம் என்றார்கள். மே மாதம் கடைகள் இறங்கி வந்தன.

தண்டனையைத் தானே ஏற்கிறவர் சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்தச் சட்டம் தப்பு என்கிறார். கல்லெறிபவர் அந்த விலையை யாரோ ஒருவர் தலையில் கட்டுகிறார். ஓட்டு இருக்கிறதே என்கிறீர்கள், ஆனால் 1965 வரை அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பல இடங்களில் கறுப்பரை ஓட்டுப் போடவே விடவில்லை. அவர்களிடம் போய்ப் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.