எஞ்சின் பெல்ட்டில் ஓடும் ஏர் கம்ப்ரஸர்: கேள்வி பதில்

ஏர் சஸ்பென்ஷனுக்கு (ஸ்பிரிங்குக்குப் பதில் ஏர் பேக் எனும் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) எஞ்சினோடு ஓடும் கம்ப்ரஸர் பொருத்துவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பழைய ஏசி கம்ப்ரஸரைக் காற்றுக்கு மாற்றுவது எனக்குக் கைவந்த வேலை. அதை விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: 12 வோல்ட் மின்சாரக் கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது. இதற்கு மாறினால் என்ன லாபம், அண்ணா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். யார்க் 210 என்ற பழைய ஏசி கம்ப்ரஸர் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 கன அங்குலம், அதாவது 165 மில்லி காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் ஏறக்குறைய 250 லிட்டர். அழுத்தத்தில் பாதி வீணானாலும் 120 லிட்டராவது தேறும். 19 லிட்டர் டேங்க்கை 110 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலிருந்து 145க்கு ஏற்ற 45 லிட்டர் வெளிக்காற்று போதும். அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். சிறிய மின்சாரக் கம்ப்ரஸர் எதிர் அழுத்தம் இல்லாதபோதே 40 லிட்டர் பக்கம்தான் தரும். அழுத்தம் ஏறினால் அதுவும் குறையும், மோட்டாரும் சூடாகிவிடும்.

ஆனால் வாரம் ஒருமுறை சுமை ஏற்றும்போது மட்டும் காற்று நிரப்புபவர் என்றால் இருப்பதே போதும், மாற்றாதீர்கள்.

கேள்வி: பிராக்கெட்டை சேஸிஸில் பொருத்தலாமா? அங்கேதான் இடம் இருக்கிறது.

பதில்: கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸிஸ் ஆடாது. பெல்ட் ஒருநாள் கழன்று விழும், இல்லையென்றால் அறுந்துவிடும். பிராக்கெட் எஞ்சினில்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: ஏர் பேக்குக்குப் போகும் நைலான் குழாயையே கம்ப்ரஸரிலிருந்து டேங்க்குக்கும் போடலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கூடவே கூடாது. ஏர் பிரேக்குக்கு வரும் நைலான் குழாய் தாங்குவது சுமார் 93 டிகிரி செல்சியஸ். கம்ப்ரஸர் தலையிலிருந்து வரும் காற்று 150 டிகிரியைக்கூடத் தாண்டும்.

என் முதல் வண்டியில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். மலை ஏறும்போது குழாய் இளகி ஊதிப் பிய்ந்தது. செக் வால்வை (காற்றை ஒரே திசையில் மட்டும் விடுவது) டேங்க் வாயிலேயே வைத்திருந்ததால் டேங்க் காற்று தப்பியது, வண்டி உட்காரவில்லை.

முதல் ஒன்றிரண்டு மீட்டருக்குச் செம்புக் குழாய், அல்லது உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ள ஹோஸ் போடுங்கள். எஞ்சின் ஆடுவதால் செம்பு போடுபவர்கள் நடுவில் வளையும் ஹோஸ் ஒரு துண்டு சேர்க்க வேண்டும், வெறும் செம்பு விரிசல் விடும். குழாய் டேங்க்கை நோக்கிச் சரிந்தே போகட்டும். எங்காவது தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கும். காற்று டேங்க்குக்குப் போகும் முன்பே எவ்வளவு ஆறுகிறதோ, அவ்வளவு தண்ணீர் வடிகட்டியிலேயே பிடிபடும். இதைச் சரியாகச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது.

கேள்வி: எத்தனை லிட்டர் டேங்க் போடலாம்?

பதில்: நான்கு பேக் உள்ள காருக்கு 19 லிட்டர் தாராளம். சேஃப்டி வால்வை நேராக டேங்க்கிலேயே பொருத்துங்கள், நடுவில் எந்த அடைப்பு வால்வும் வேண்டாம்.

கேள்வி: பழைய கேஸ் சிலிண்டரை டேங்க்காக வைக்கலாமா?

பதில்: வேண்டாம். காற்றுக்கென்று செய்து அழுத்தச் சோதனை முடித்த டேங்க் மட்டும் வாங்குங்கள். அதில் நீங்களாக வெல்டிங் வைக்கவும் கூடாது.

கேள்வி: டேங்க் அழுத்தத்தைப் பார்த்துக் கம்ப்ரஸரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சை நேராக கம்ப்ரஸரின் மின்காந்த கிளட்சுக்குக் கொடுத்தேன், இரண்டு மாதத்தில் கருகிவிட்டது.

பதில்: கிளட்ச் சுருள் 3, 4 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும், ரிலே கிளட்சை இயக்கட்டும். ஃப்யூஸ் கட்டாயம். சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு வையுங்கள். அணையும்போது எழும் மின்வீச்சுதான் சுவிட்ச் முனையைக் கருக்குகிறது.

கேள்வி: யார்க் கனமான பெட்டி, அதிர்வும் ஜாஸ்தி. நான் சாண்டன் 508 ஏசி கம்ப்ரஸரை மூன்று வருடமாக எண்ணெய் விடாமலே ஓட்டுகிறேன். ஏன் எல்லோரையும் யார்க் பக்கம் தள்ளுகிறீர்கள்?

பதில்: அதிர்வு பற்றிச் சொன்னது உண்மை. மெல்லிய பிராக்கெட் விரிசல் விட்டதை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெய் விஷயத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். யார்க்குக்குக் கீழே சொந்த எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. சாண்டனில் எண்ணெய் ஏசி வாயுவோடு சுற்றிவிட்டுத் திரும்பி வரும். காற்றுக்கு மாற்றினால் வெளியே போன எண்ணெய் திரும்பாது. நீங்கள் எப்போதாவது சில நிமிடம் ஓட்டுகிறீர்கள், அதனால் தாங்குகிறது. தானே உயரம் சரிசெய்யும் சஸ்பென்ஷனில் நாள் முழுக்க வேலை வாங்கினால் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

அவரே மீண்டும்: கிரீஸ் அடைத்தால்? யார்க்கும்தானே எண்ணெய் கக்குகிறது?

பதில்: கிரீஸ் விட்டுவிட்டு ஓடும் வேலைக்குச் சரி, தொடர் வேலைக்கு இல்லை. யார்க் கக்குவதும் நிஜம், மறைக்கவில்லை. அதனால்தான் எண்ணெய்ப் பனியைப் பிரிக்கும் வடிகட்டி வைக்கச் சொல்கிறேன். அது இல்லாவிட்டால் வால்வு சீல்கள் ஊறும், சூட்டில் எண்ணெய் கரியாகிச் செக் வால்வில் ஒட்டும். யார்க்கில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, குச்சி விட்டு எண்ணெய் மட்டம் பார்க்கலாம். அழுத்தத்தை இறக்கிவிட்டுத் திறக்கவும். சாண்டனே போடுபவர்கள் உள்ளிழுக்கும் குழாயில் எண்ணெய்ச் சொட்டி வையுங்கள். இடம் குறைவான எஞ்சினில் அதுதான் நுழையும் என்றால் நான் எதிர்க்கவில்லை.

கேள்வி: கிளட்ச் இல்லாத புது ஏசி கம்ப்ரஸர்?

பதில்: ஆகாது. அணைக்க வழியில்லை.

கேள்வி: டேங்க் அளவு என்ன, அண்ணா?

பதில்: மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: லாரியில் பிரேக் டேங்க்கிலிருந்தே சஸ்பென்ஷனுக்குக் காற்று எடுக்கலாமா?

பதில்: நடுவில் அழுத்தப் பாதுகாப்பு வால்வு இல்லாமல் தொடவே தொடாதீர்கள். ஒரு பேக் கிழிந்தால் பிரேக் காற்றும் போய்விடும். இதை பிரேக் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: 30 லிட்டர் டேங்க் நல்லதா?

பதில்: டேங்க் கேள்விக்கு இனி பதில் இல்லை. அடியில் வடிகால் வால்வு இருக்கிறதா, வாரம் ஒருமுறை திறக்கிறீர்களா என்று என்னைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் இரவில் இறங்கிவிடுகிறது.

பதில்: முதலில் சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். பேக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள், காற்று போனால் வண்டி மொத்தமாக உட்காரும். அப்புறம் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குழாய் முனை கோணலாக வெட்டப்பட்ட இணைப்பை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் நுரைக்கும்.