லண்டன் டிக்கெட்டில் எதைப் பார்த்து வாங்குவது? கேள்வி-பதில்

கே: ஜூலையில் லண்டன் போகிறேன். காலை 5.35க்குச் சென்னையில் கிளம்பி 11.50க்கு ஹீத்ரோவில் இறங்கும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. 8,200 கி.மீ. தூரம் ஆறேகால் மணி நேரத்திலா? – தாம்பரம்

ப: இல்லை, பத்தே முக்கால் மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம். அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது மேலே வீசும் மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், அதனால் நேரம் கொஞ்சம் குறையும்.

கே: விமானம் மறுநாள்தான் இறங்கும் என்று கவனிக்காமல் ஹோட்டலை ஒரு நாள் முன்னதாகப் போட்டுவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா? – மதுரை

ப: ரத்து செய்தால் பணம் தருவதாகச் சொல்லி விற்ற அறை என்றால் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. இறங்கும் நேரத்துக்குப் பக்கத்திலேயே '+1' என்று போட்டிருப்பார்கள். இவ்வளவு பணம் கட்டும் முன் அதைப் படிக்க வேண்டாமா?

கே: கோவையிலிருந்து மும்பை வழியாக லண்டன், மொத்தம் 14 மணி நேரம்தான், மலிவு என்று ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தார். கோவை விமானம் தாமதமாகி, லண்டன் விமானத்தை விட்டுவிட்டேன். அந்தக் கம்பெனி கையை விரிக்கிறது. – பொள்ளாச்சி

ப: உங்களிடம் விற்றது ஒரு பயணம் இல்லை, இரண்டு தனித்தனி டிக்கெட். ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக இருந்தால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். மும்பையில் இறங்கி, பெட்டி வரும்வரை நின்று, எடுத்துக்கொண்டு மறுபடி செக்-இன் வரிசையில் நிற்க வேண்டும், அந்தக் கவுன்டரையோ விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். இதை எதையும் சொல்லாமல் 'மொத்தம் 14 மணி நேரம்' என்று விற்பது ஏமாற்று வேலை, எனக்கும் ஒரு ஏஜென்சி இப்படித்தான் விற்றது, அந்தப் பணம் போனது போனதுதான். நீங்கள் விடாதீர்கள். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

கே: லண்டன்–சென்னை விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். சாப்பாட்டுக் கூப்பனோடு முடித்துவிட்டார்கள். – திருச்சி

ப: அதோடு முடியாது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தாலும் பிரிட்டன் சட்டம் பொருந்தும். 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இறங்கினால் ஆளுக்கு 520 பவுண்டு இழப்பீடு. தூரத்தை இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான நேர் தூரமாகத்தான் கணக்கிடுவார்கள், எப்படிச் சுற்றிப் பறந்தது என்பது கணக்கில் வராது. மோசமான வானிலை என்றால் தர வேண்டியதில்லை. 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற சாக்கை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வழக்கமான கோளாறு விலக்கு ஆகாது என்று அங்கே நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போர்டிங் பாஸ் நகலோடு விமானக் கம்பெனிக்கே நேராக எழுதுங்கள்.