வாசகர் கேள்வி: வேலையை விட்டுக் குதித்துவிடலாமா?

கேள்வி: 'ஃப்ரீ சோலோ' என்ற ஆவணப்படத்தைத் தம்பி போட்டுக் காட்டினான். ஒரு மனிதர் இடுப்பில் கயிறே இல்லாமல் அவ்வளவு பெரிய பாறையில் ஏறுகிறார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. பதினோரு வருஷமாக ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சொந்தமாகத் தையல் கடை போட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அவரே துணிந்துவிட்டார், நானும் வேலையை விட்டுவிட்டுக் குதித்துவிடலாமா? வீட்டில் திட்டுகிறார்கள்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு

பதில்: அவர் குதிக்கவில்லையே! படத்தை இன்னொரு தடவை பாருங்கள். கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் உள்ள எல் கேப்பிட்டன் பாறை சுமார் 3,000 அடி. அதில் ஏறக்குறைய 2,000 அடி உயரத்தில் ஒரு பொல்லாத இடம் வருகிறது. அதைக் கடக்க இரண்டே வழி: ஒன்று, எட்டாத பிடியை நோக்கித் தாவுவது, இன்னொன்று, விரல் நுனியில் தொங்கிக்கொண்டே காலை எட்டி உதைத்துப் பக்கத்துச் சுவரில் ஊன்றுவது. நீங்கள் பார்த்த அந்த மனிதர், அலெக்ஸ் ஹானால்ட், தாவலை வேண்டாம் என்று ஒதுக்கினார். கயிறில்லாமல் தாவுவதெல்லாம் அவருக்கே அதிகமாகப் பட்டது. அந்த ஒரு உதைக்காக ஒரு வருஷம் தினமும் ராத்திரி உட்கார்ந்து காலை நீட்டிப் பயிற்சி செய்திருக்கிறார், நம்ம ஊரில் பரதநாட்டியம் கற்கும் குழந்தை மாதிரி.

2017 ஜூன் 3 அன்று அவர் மேலே போய்ச்சேர ஆனது 3 மணி 56 நிமிடம்தான். ஆனால் அதற்கு முன்னால் அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு ஏறி இறங்கி, எந்தப் பிடிக்கு எந்தக் கை, எந்தக் கால் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணியது எவ்வளவு காலம்! வழியில் ஆட்டம் கண்ட கற்களைக்கூடப் பையில் போட்டு அப்புறப்படுத்தியிருக்கிறார். உங்களுக்கு அந்தக் கயிறு மாதச் சம்பளம். சாயங்காலம் பிளவுஸ் தைத்துக் கொடுங்கள், தீபாவளி நெருக்கடியில் எத்தனை முடிகிறது, காசு ஒழுங்காக வருகிறதா, யார் கடன் சொல்கிறார்கள் என்று ஒரு வருஷம் எழுதிவையுங்கள், கணக்கு எழுதுவது உங்களுக்குப் புதிதா என்ன. அப்புறம் கடையைப் பற்றிப் பேசலாம்.

எனக்கு அந்தப் படத்தில் ரொம்பப் பிடித்தது அவர் ஜெயித்த நாள் அல்ல. 2016 இலையுதிர்காலத்தில் ஒரு முறை, இருட்டோடு எழுந்து, கேமராக்காரர்கள் எல்லாரும் பாறையில் அவரவர் இடத்தில் தயாராக இருக்க, ஏறத் தொடங்கிவிட்டு, கொஞ்ச உயரத்திலேயே 'இன்றைக்குச் சரியாக இல்லை' என்று நிறுத்திவிடுகிறார். அத்தனை பேரைக் காக்கவைத்துவிட்டுத் திரும்பிவர எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், சொல்லுங்கள். போன வருஷம் ஒரு மேடைப் பேச்சுக்கு ஒப்புக்கொண்டு, ஒன்றும் தயார் செய்யாமல், முதல் நாள் இரவு போன் போட்டு 'என்னால் முடியாது, மன்னியுங்கள்' என்றேன். அந்தப் படம் எனக்குக் கொடுத்த உத்வேகம் அவ்வளவுதான்! வாங்கிய திட்டு தனிக்கதை.

கேள்வி: அவருக்குப் பயமே கிடையாது என்று மூளையை ஸ்கேன் எடுத்துக் காட்டுகிறார்களே, அப்புறம் அதிலென்ன வீரம்?
- ஒரு கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: மற்றவர்களைத் துணுக்குற வைக்கும் படங்களைக் காட்டியபோது அவர் மூளையில் பயத்துக்கான பகுதி அசையவில்லை, அது உண்மை. ஆனால் அவர் பிறவியிலேயே அப்படியா, வருஷக்கணக்கில் ஏறி ஏறி அப்படி ஆனாரா என்பதை ஒரு ஸ்கேன் எப்படிச் சொல்லும்? பயம் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்வேன் என்பதுதான் அவர் சொல்லும் விளக்கம். நான் அதை நம்புகிறேன்.

கேள்வி: விழுந்து செத்துவிடக்கூடிய ஒருவரைப் படம் எடுப்பது தப்பில்லையா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: எடுத்தவர்களுக்கே அந்தக் கேள்வி இருந்தது. இயக்குநர்களில் ஒருவரான ஜிம்மி சின் தாமே ஒரு மலையேறுபவர், ஹானால்டின் நண்பரும்கூட. அந்தப் பொல்லாத இடத்தில் ஆள் நிற்கவே வேண்டாம் என்று தூரத்திலிருந்து இயக்கும் கேமராவை வைத்தார்கள். கீழே தரையில் நின்று படம் பிடித்தவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஹானால்ட் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே பார்த்த நானும்தான்.