மகளுக்கு டிரஸ்ஸாஜ் சேணம் வாங்கலாமா?

கேள்வி: கொடைக்கானலில் இருந்து பூம்பாறை போகும் வழியில் வசிக்கிறோம். என் மகளுக்கு 13 வயது. ஏரிக்கரை வாடகைக் குதிரையில் ஆரம்பித்தவள். போன வருடம் அவளுக்கென்று 5 வயதுப் பெண் குதிரை ஒன்றை வாங்கினோம். பழைய ஜெனரல் பர்பஸ் சேணத்தில்தான் ஓட்டுகிறாள். இப்போது டிரஸ்ஸாஜ் (குதிரையைத் துல்லியமாக நடத்திக் காட்டும் போட்டி) சேணம் வேண்டும் என்று பிடிவாதம். 70,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? – ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரி, இப்போது வேண்டாம். ஆனால் மகளிடம் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், மனசு விட்டுப் போகும். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிற வயதுதான். அதனால் அவளும் படிக்கட்டும் என்றே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவளுடைய ஆசை எனக்குப் புரிகிறது. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நம் டிரஸ்ஸாஜ் அணி தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் நமக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அன்றைக்கு எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த நால்வரைப் பார்த்துவிட்டு ஒரு பெண் பிள்ளை நானும் அப்படி உட்கார வேண்டும் என்று நினைத்தால், அதை அணைத்துவிடக் கூடாது.

டிரஸ்ஸாஜ் சேணத்தில் பக்கத் தோல் நீளமாக, ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். இருக்கை ஆழம். கால் வைக்கும் அங்கவடியின் வாரை நீளமாக விட்டு, காலைத் தொங்கவிட்டு, குதிரையின் நடுவில் நிமிர்ந்து உட்காருவதற்காகச் செய்தது. ஜம்பிங் சேணம் இதற்கு எதிர். அதன் பக்கத் தோல் முன்பக்கமாகச் சாய்ந்து வரும், ஏனென்றால் அங்கவடியைக் குட்டையாகப் பிடித்தால் முழங்கால் முன்னே வரும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியக் குதிரைப்படையில் இருந்த ஃபெதரிகோ கப்ரில்லிதான் தாண்டும்போது குதிரையோடு சேர்ந்து முன்னால் குனிய வேண்டும் என்று நிறுவினார். அதுவரை தடையைத் தாண்டும்போது பின்னால்தான் சாய்ந்தார்கள். உட்காருகிற முறை மாறியது, அப்புறம் சேணமும் மாறியது. முறை முதலில், சேணம் பிறகு. இந்த வரிசையை மகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஜெனரல் பர்பஸ் சேணம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மலையில் இருப்பவர்களுக்கு அது குறையே இல்லை. பூம்பாறைச் சரிவில் ஏறும்போது இருக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பிக் குதிரையின் முதுகுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆழமான இருக்கையும் முழங்காலுக்கு முன்னால் பெரிய திண்டும் இருந்தால் அதற்கு வழியிருக்காது. இறக்கத்தில் சேணம் தோள்மேல் சரிந்து வந்தால் அதற்கு வேறு சேணம் தேவையில்லை. சேணத்தின் வடிவம் முதுகுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். உருண்டை முதுகுக் குதிரையாக இருந்தால், சேணத்தின் பின்பக்கத்திலிருந்து வாலுக்கு அடியில் சுற்றி வரும் வால் வார் ஒன்று போட்டாலே நிற்கும்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் இரண்டு பேரும் வளர்கிறார்கள். குதிரையின் முதுகெலும்பு முழுசாக முதிர 6 வயது தாண்டும். ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தால் முதுகுத் தசையும் ஏறும், இன்றைக்கு எடுத்த அளவு அடுத்த வருடம் இறுக்கும். மகளுக்குத் தொடை நீளும், இருக்கை அளவு மாறும். இப்போது வாங்கினால் இரண்டு வருடத்தில் இருவருக்கும் சேராத சேணம் சுவரில் தொங்கும்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் இருந்த காலத்தில், ஊரைவிட்டுப் போகிற ஒருவரிடம் அருமையான டிரஸ்ஸாஜ் சேணம் வாங்கினேன். எனக்கு அது கையுறை போலப் பொருந்தியது. என் குதிரை முதலில் வயிற்று வார் இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கியது. அப்புறம் திரும்பிக் கடிக்க வந்தது. திமிர் என்று நினைத்து அதட்டினேன். சில மாதம் கழித்து முதுகைத் தேய்க்கும்போது தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தது. சேணம் அழுத்திய தழும்பு அது. அந்த வெள்ளை அதற்குக் கடைசிவரை போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே இருக்கிற சேணத்தைச் சோதித்துவிடுங்கள். கீழே துணி எதுவும் போடாமல் சேணத்தை வையுங்கள். பிடரி முடிகிற இடத்தில் எழும்பி நிற்கும் எலும்பு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே, மகள் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டுச் சேணத்தை எடுத்ததும் வியர்வையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் நல்லது. நடுவில் எங்காவது காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் விழுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இறுக்கமாக இருக்கிறது என்று கனத்த துணியை அடியில் போடாதீர்கள், இறுக்கம் கூடத்தான் செய்யும். அடியில் இருக்கும் திண்டில் கம்பளி கட்டி தட்டியிருந்தால் பிரித்து அடைக்கலாம். புதுச் சேணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

பனிமூட்ட மாதங்களில் தோலில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, காற்றாடவிட்டு, சேண சோப்பு போடுங்கள். நனைந்துவிட்டது என்று கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள், தோல் வெடித்துவிடும்.

மகளிடம் சொல்லுங்கள்: அங்கவடி வாரை ஒரு துளை, பிறகு இன்னொரு துளை என்று நீட்டிக்கொண்டே போகட்டும். வாரத்தில் ஒருநாள் அங்கவடியே இல்லாமல் ஓட்டட்டும், யாராவது பக்கத்தில் இருக்கும்போது. கால் தானாகத் தொங்கி, முழங்கால் இந்தச் சேணத்தின் சாய்வோடு சண்டை போட ஆரம்பிக்கும் ஒரு நாள் வரும். டிரஸ்ஸாஜ் சேணம் அன்றைக்குத் தேவை. சர்வதேச டிரஸ்ஸாஜ் போட்டிகளில் அது கட்டாயம். தொடக்க நிலைப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால் விதிமுறையை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அதுவரை ஒரு வேலை. வளைத்தால் அப்படியே நிற்கிற தடித்த அலுமினியக் கம்பியை, தோள் எலும்பின் பின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, முதுகின் மேல் படிய வைத்து வளைத்து எடுங்கள். அதைப் பழைய செய்தித்தாளில் வைத்துக் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகளே செய்யட்டும். சேணத் தொழிலுக்குப் பேர்போன கான்பூரில் செய்யச் சொன்னாலும், யாரோ பயன்படுத்தியதை வாங்கினாலும் இந்தக் கோடுதான் கையில் இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தாள்களில் கோடு மாறாமல் வந்தால், தாள்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த அளவு என்று அப்போது பார்ப்போம்.