சுடுதண்ணீர்த் தொட்டி ஹீட்டர் கடமுட என்று சத்தம் போடுகிறது, புதிதாக மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மாற்றுவது இருக்கட்டும், முதலில் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள். சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் சத்தம், பார்க்க வந்தவர் புதுசு வாங்கச் சொல்கிறார், வெடித்துவிடுமோ என்று பயம், இதுதானே உங்கள் கேள்வி? கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டிலும் அப்படியே நடந்ததால்தான் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் ஹீட்டர் சீலிங்குக்கு மேலே படுத்த வாக்கில் இருக்கிறது. மாமனாருக்கு விடியற்காலையில் சுடுதண்ணீர் வேண்டும். அவர் சுவிட்சைத் தட்டினால் முதலில் உஸ்ஸென்று ஆரம்பித்து அப்புறம் படபடவென்று பொரியும், பக்கத்து அறையில் யாரும் தூங்க முடியாது. பழுது பார்க்க வந்த ஆள் ஏணியில் ஏறி, டார்ச் அடித்து, விரலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூடியைக்கூடக் கழற்றாமல், "டேங்க் போச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்" என்றார். ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கணக்குச் சொன்னார். வந்து பார்த்த கூலி தனி!

என் மச்சான் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர். அவர் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தண்ணீர் ஆறும்வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, உள்ளே வரும் வால்வை மூடி, காற்றுப் போக சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, அப்புறம்தான் தொட்டியைக் காலி செய்தார். முதலில் தெளிவாகத்தான் வந்தது. போகப் போக தே தாரேக் (பால் தேநீர்) நிறம். கடைசியில் வழவழவென்று சேறும், சூடேற்றும் கம்பியிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொருக்குகளும். கம்பியைச் சுற்றி இப்படிப் படிந்தால் அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்து, ஆவிக் குமிழாக முட்டிக்கொண்டு வெளியே வரும். நாம் கேட்கும் சத்தம் அதுதான். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் தண்டு இருக்குமே, எங்களுடையதில் அந்தத் தண்டின் நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். தண்டையும், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றினார், சத்தம் நின்றது.

லண்டன் பக்கம் வீடு முழுக்கச் சூடேற்றும் கேஸ் பாய்லரிலும் இதே மாதிரி பொரியும், ஆனால் அங்கே தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அந்தப் பாய்லரை நாம் தொடவே கூடாது, கேஸுக்கு உரிமம் உள்ளவர்தான் திறக்க வேண்டும்.

கரண்டில் கை வைக்கச் சொல்லிக்கொடுக்கிறான் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நான் செய்யச் சொல்லவில்லை ஐயா, தெரிந்தவரைக் கூப்பிட்டு எதைக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஹீட்டரைப் போட்டதும் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது என்றால் கழுவுகிற பேச்சே இல்லை, வயர்மேன் வரும்வரை அணைத்தே வையுங்கள். குழாயை மூடும்போது மட்டும் தொம்மென்று இடித்தால் அது ஹீட்டர் இல்லை, பைப்.

வெடிக்குமா என்றால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், அழுத்தம் ஏறினால் வெளியே விடும் பிரஷர் வால்வும் சேர்ந்து கெட்டால்தான் அந்த ஆபத்து. சூடாகும்போது அந்த வால்வில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் ஒழுகட்டும், தண்ணீர் விரிவதற்கு அது வழி. சொட்டுகிறதே என்று அதை அடைத்து வைக்கிற புத்திசாலிகளை நானே பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும் கெட்டால் அவர்கள் வீட்டில்தான் வெடிக்கும்.

சரி, இவ்வளவு சேறு எங்கிருந்து வந்தது? நம் ஊர்த் தண்ணீர்த் தடையைத்தான் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்றில் கழிவு கலந்து சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, அப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். தண்ணீர் திரும்பி வரும்போது பழைய பைப்பில் இருக்கிற அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வருகிறது. அதனால் இப்போதெல்லாம் கூரைத் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வாசல் குழாயைத் தெளியும்வரை ஓட விடுகிறோம். அப்படிக் கொட்டும் தண்ணீருக்கும் மீட்டர் ஓடுகிறது, எங்கள் பில்லில் ஒரு காசும் குறையவில்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாரும் கையெழுத்துப் போட்டு பைப்பை மாற்றச் சொல்லி மனு கொடுத்தோம், "கவனத்தில் எடுத்துக்கொண்டோம்" என்று கடிதம் வந்தது.