கைபேசி 4 டிகிரி என்றது, உருளை இலை ஏன் கருகியது?

கேள்வி: வணக்கம் ஐயா. மலைச்சரிவில் எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. மேலே பீன்ஸ், கீழே பள்ளத்தில் உருளைக்கிழங்கு. போன வாரம் ஒரு ராத்திரி குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி என்று கைபேசியில் காட்டியது. உறைபனி எச்சரிக்கை எதுவும் வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பள்ளத்து உருளை இலையெல்லாம் கருத்துத் தொங்குகிறது. மேலே பீன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை விஷயமும் இப்படித்தான். 60 சதவீதம் வாய்ப்பு என்றார்கள், ஒரு சொட்டு விழவில்லை. 20 சதவீதம் என்ற அன்று போட்ட யூரியாவை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அடுத்த பருவத்தில் இயல்பான மழை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அதை நம்பி விதைக்கு ஏற்பாடு செய்யலாமா? உறைபனியை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: வணக்கம். கருகிய இலையைப் பார்த்து மனம் விட்டுச் செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். உருளைக்கு மண்ணுக்குள் இருக்கும் தண்டுக் கணுக்களில் உயிர் இருக்கும். ஒரு வாரம் பொறுங்கள், மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து புதுத் துளிர் வந்தால், அது கொஞ்சம் வளர்ந்ததும் மண் அணைத்துவிடுங்கள். பயிர் முற்றும் தறுவாயில் இருந்து, தண்டும் முழுதாகச் செத்திருந்தால் கிழங்கு இனிப் பருக்காது. இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டுத் தோல் இறுகிய பிறகு தோண்டுங்கள். பாரின் (செடிக்கு அணைத்த மண் மேட்டின்) மேல் தலைகாட்டிக்கொண்டிருந்த கிழங்கைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அது உறைந்திருந்தால் அழுகி, குவியலில் மற்றதையும் கெடுக்கும்.

இனி அந்த 4 டிகிரிக்கு வருவோம். அந்தக் கணிப்பு பொய் என்று சொல்ல மாட்டேன். வானிலை நிலையங்களில் வெப்பநிலையைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். முன்னறிவிப்பில் வரும் எண்ணும் அந்த உயரத்துக் காற்றுக்கானது. உங்கள் உருளை இலையோ தரையை ஒட்டி, திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேகமில்லாத, காற்றசையாத ராத்திரியில் இலையும் மண்ணும் தங்கள் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இரவில் பெட்டிக்குள் இருக்கும் அளவைவிடத் தரைமட்டம் 3 முதல் 5 டிகிரி வரை குறைந்துபோவது சாதாரணமாக நடப்பதுதான். பெட்டியில் 4 என்றால் இலையில் 0 அல்லது அதற்கும் கீழே போயிருக்கலாம்.

அதோடு பள்ளம் வேறு. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் தண்ணீர் போலவே மெல்ல இறங்கி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். உங்கள் பீன்ஸ் இதற்கு நல்ல சாட்சி. பீன்ஸ் உருளையைவிடக் குளிர் தாங்காத பயிர். அது தப்பி உருளை கருகியிருக்கிறது என்றால், காரணம் பயிரில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பள்ளத்தின் கீழ்ப்புறம் அடர்ந்த வேலியோ, உயர்ந்த வரப்போ, புதரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது குளிர்காற்றை அணை கட்டி நிறுத்துகிறது. அதில் ஒரு இடைவெளி விட்டாலே கொஞ்சம் குளிர் கீழே வடிந்துவிடும். மேல்புறத்து வேலியை மட்டும் அடர்த்தியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வானிலை மையமும் உங்கள் பள்ளத்துக்கென்று தனியாக எச்சரிக்கை தர முடியாது. அதை நீங்களே உருவாக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. குறைந்தபட்ச வெப்பநிலையைப் பதிவுசெய்து நிறுத்தி வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பள்ளத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில், பயிரின் உச்சி உயரத்தில், மேலே எந்த மறைப்பும் இல்லாமல் படுக்கைவாட்டில் வையுங்கள். காலையில் அது காட்டும் அளவு, பக்கத்து நிலையத்தின் குறைந்தபட்ச அளவு, ராத்திரி வானம் எப்படி இருந்தது, காற்று அசைந்ததா, இந்த நான்கையும் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மேகமூட்டமான ராத்திரியில் இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்த நாட்களை ஒதுக்கிவிட்டு, தெளிந்த ராத்திரிகளின் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். சராசரியைவிட, வந்ததில் பெரிய வித்தியாசத்தை ஒட்டியே கணக்கு வையுங்கள். அது 5 என்றால், தெளிந்த வானத்தோடு 5 டிகிரி அல்லது அதற்குக் கீழ் என்று அறிவிப்பு வந்தாலே உங்கள் பள்ளத்துக்கு அது உறைபனி எச்சரிக்கை. ஒரு குளிர்காலம் முழுக்க இப்படி எழுதினால், விலையுயர்ந்த எந்தச் செயலியும் தராத தகவல் உங்கள் கையில் இருக்கும்.

சாயங்காலமே பார்த்துக்கொள்ள ஒரு அடையாளமும் இருக்கிறது. கைபேசியில் பனிப்புள்ளி என்று ஒரு எண் காட்டும். காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை அது. பனிப்புள்ளி 7, 8 என்று இருந்தால் ராத்திரி காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் பனி படியத் தொடங்கும். படியும்போது வெப்பம் வெளிப்படும், அதனால் இறக்கம் மெதுவாகும். பனிப்புள்ளி 0-க்குக் கீழே இருந்தால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, மளமளவென்று இறங்கும். அப்படிப்பட்ட இரவில் வெள்ளையாக எதுவும் படியாமலேயே இலை உறைந்து கருகிவிடலாம். வெள்ளைப் பனியைக் காணோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மழை பெய்து ஓய்ந்து, வறண்ட காற்று வந்து, வானம் பளிச்சென்று துடைத்துவிட்டது போலாகும் முதல் இரண்டு ராத்திரிகளில் கூடுதல் கவனம் வேண்டும். நடுராத்திரி 3 டிகிரி இருக்கிறதே என்று தூங்கிவிடாதீர்கள். மிகக் குறைந்த அளவு வருவது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான்.

எச்சரிக்கை தெரிந்த பிறகு என்ன செய்வது? முந்தின நாள் பகலிலேயே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈர மண் பகலில் வெப்பத்தை வாங்கி வைத்து ராத்திரியில் விடும். காய்ந்து பொலபொலவென்று கிடக்கும் மண் அதைச் செய்யாது. அதனால் அந்தச் சமயத்தில் களை கொத்தி மண்ணைக் கிளறாதீர்கள். வரிசைகளுக்கு நடுவே தரையில் வைக்கோல் மூடாக்கு போட்டிருந்தால் அது மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுத்துவிடும், செடிக்கு ஆபத்து கூடும். குளிர் நாட்களில் அதை ஒதுக்கி வையுங்கள். வைக்கோலையோ துணியையோ செடிக்கு மேலே போர்த்துவதுதான் பலன் தரும். சாயங்காலம் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் என்றால் இலையில் படாமல் குச்சி நட்டுக் கட்ட வேண்டும், தொட்ட இடம் கருகும்.

தெளிப்பான் வைத்திருப்பவர்கள் பலர் அதை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். தண்ணீர் உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது, அதுதான் செடியைக் காக்கிறது. ஆனால் அதே ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 2,500 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும், ஏழு மடங்குக்கும் மேல். ஆகவே உறைநிலைக்கு இறங்குவதற்கு முன்பே தொடங்கி, காலையில் பனிக்கட்டி தானாக உருகும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். நடுவில் மோட்டார் நின்றால், ஒன்றுமே செய்யாமல் இருந்ததைவிட அதிகச் சேதம் வரும். மின்சாரமும் தண்ணீரும் விடிய விடிய நிச்சயம் என்றால் மட்டும் தொடங்குங்கள். வறண்ட காற்று வீசும் ராத்திரியில் வேண்டவே வேண்டாம். ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தரையிலிருந்து போகும் வெப்பத்தைப் புகை தடுப்பதில்லை, காலையில் வரும் வெயிலைத்தான் மறைக்கிறது.

அப்புறம் மழை. 60 சதவீதம் என்பதைப் பலரும், மழை வந்தே தீரும் என்றோ, ஊரில் பாதிக்கு மேல் நனையும் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இதே போன்ற நிலைமை 100 தடவை வந்தால், சொன்ன நேரத்துக்குள் உங்கள் இடத்தில் 60 தடவை மழை பெய்யும், 40 தடவை பெய்யாது என்பதுதான் அதன் பொருள். உங்களுக்கு வாய்த்தது அந்த 40-ல் ஒன்று. யூரியா போட்ட நாள் அந்த 20-ல் ஒன்று. மழை எவ்வளவு பெய்யும் என்பதை அந்தச் சதவீதம் சொல்வதே இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் மில்லிமீட்டரைப் பார்க்க வேண்டும். எதை மழை என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்க வானிலைச் சேவைக்கு 0.25 மி.மீ. பெய்தாலே மழை. இந்தியாவில் 2.5 மி.மீ. பெய்தால்தான் மழை நாள். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருந்தாலும் காய்ந்த மண்ணில் அது விரற்கடை ஆழம்கூட இறங்காது.

இந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் அதைக் கையாள்வது சுலபம். இன்றைய காற்றின் நிலையை யாராலும் முழுத் துல்லியமாக அளக்க முடியாது. தொடக்கத்தில் உள்ள சிறு பிழை நாளாக ஆகப் பெருகிவிடும் என்று 1963-ல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் காட்டினார். அதனால் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிக் கணினியில் பல தடவை கணக்கிடுகிறார்கள். ஐரோப்பிய நடுத்தரகால முன்கணிப்பு மையம் 1992 முதல் இப்படிச் செய்கிறது, இன்று ஒவ்வொரு தடவையும் 51 கணக்குகள். அதில் 30 கணக்குகளில் உங்கள் பகுதிக்கு மழை வந்தால் ஏறத்தாழ 60 சதவீதம். ஐந்தாம் நாளுக்கான அறிவிப்பு தினமும் மாறிக்கொண்டே இருந்தால், அந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செயலிகள் ஒரே மாதிரி காட்டினாலும் அதை மூன்று சாட்சி என்று நினைக்க வேண்டாம். பல செயலிகள் ஒரே கணினிக் கணக்கைத்தான் எடுத்துப் போடுகின்றன.

எந்த வேலைக்கு எந்த அறிவிப்பு என்பதுதான் உங்கள் நஷ்டத்தைக் குறைக்கும். மருந்து தெளிக்க, அடுத்த சில மணி நேரத்துக்கான அறிவிப்பும் ரேடார் படமும் போதும். இடிமழை மேகம் ஒன்று சில கிலோமீட்டர் அகலம்தான். உலகம் முழுமைக்கும் கணக்கிடும் கணினி மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கின்றன, ஒரு கட்டமே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் என்பதால், பக்கத்துக் காட்டில் பெய்து உங்கள் காட்டில் பெய்யாமல் போவதை அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. யூரியாவுக்கு மூன்று நாள் அறிவிப்பைப் பாருங்கள். லேசான மழை நல்லது, கனமழை என்றால் தள்ளிப் போடுங்கள். அறுவடைக்கும் காயவைப்பதற்கும் ஐந்து நாள். விதைப்புக்கு ஏழு முதல் பத்து நாள், அதுவும் மண்ணைக் கையில் பிடித்து ஈரம் பார்த்த பிறகு. பத்து நாளுக்கு மேல் இன்ன தேதியில் இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும் படத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு, வாரக் கணக்கில் வழக்கத்தைவிடக் கூடுமா குறையுமா என்பதைத்தான் ஓரளவு சொல்ல முடியும்.

சதவீதம் எவ்வளவு இருந்தால் செயலில் இறங்குவது என்றும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளத்து உருளையைப் போர்த்தும் ஆள்கூலியும் துணியும் ஒரு பங்கு, உறைபனியில் போகும் விளைச்சல் பத்துப் பங்கு என்று வைப்போம். அப்படியானால் உறைபனிக்கு 10 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே போர்த்துவது லாபம். காப்புச் செலவு நஷ்டத்தில் பாதி என்றால், 50-ஐத் தாண்டும்வரை பொறுக்கலாம். அந்த அளவு பயிருக்குப் பயிர் மாறும்.

கடைசியாக, பருவ அறிவிப்பு. பல மாதங்களுக்கான கணிப்பு பெரும்பாலும் பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை, அதாவது எல் நினோ (வழக்கத்தைவிடச் சூடு), லா நினா (வழக்கத்தைவிடக் குளிர்ச்சி) நிலையை வைத்து வருகிறது. மார்ச் முதல் மே வரை வெளியாகும் எல் நினோ கணிப்புகள் பலவீனமானவை, அதனால் பிந்தைய மாத அறிவிப்பு வந்ததும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மையங்கள் குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து வாய்ப்பு தருகின்றன. எதுவுமே தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம் உண்டு. இயல்பு 45 என்றால், இயல்பாக இல்லாமல் போக 55 சதவீதம் இருக்கிறது. மேலும் அது மொத்த மழையைப் பற்றியது. நடுவில் மூன்று வாரம் வானம் காய்ந்து, கடைசியில் கொட்டித் தீர்த்தாலும் பருவம் இயல்பு என்றே கணக்காகும். ஆகவே விதைக்கு ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் இரண்டு ஏக்கருக்கும் ஒரே ரகமாக வேண்டாம். ஒரு பகுதிக்குக் குறுகிய வயது ரகமாக எடுங்கள். விதைக்கும் நாளைப் பருவ அறிவிப்பை வைத்து இப்போதே குறிக்காதீர்கள், அந்த நேரத்துப் பத்து நாள் அறிவிப்பை வைத்து முடிவு செய்யுங்கள். பள்ளத்தில், உறைபனிக் காலம் தாண்டும்வரை உருளைக்குப் பதில் முட்டைக்கோஸ் போன்ற குளிர் தாங்கும் பயிரை யோசித்துப் பாருங்கள். பட்டாணி என்றால் இலை தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. பூக்கும் சமயம் குளிரில் சிக்காதபடி விதைப்பு நாளைத் தள்ளி வையுங்கள்.